மூன்று பல் குடுவையும் எங்கள் வரவேற்புத் துணைக்குழுவும்

உலகத்தில் எத்தனையோ செடிகள் எறும்பைத் தின்கின்றன. ஆனால் எறும்பு தின்னும் ஒரு செடிக்காகத் தனி அலுவலகம் திறந்து, அதற்கு ஒரு முத்திரை செய்து, முத்திரைக்கு மைப்பெட்டியும் வாங்கி வைத்த பெருமை சரவாக்கில் எங்கள் மாவட்டம் ஒன்றுக்கே உரியது. இதை நான் தற்பெருமையாகச் சொல்லவில்லை. அந்த மைப்பெட்டி என் பொறுப்பில் இருந்ததால் சொல்கிறேன்.

என் பெயர் சிமூ. தெபுரா கிராமத்து வரவேற்புத் துணைக்குழுவின் செயலாளர். எதற்குத் துணை என்று கேட்கக் கூடாது. தலைமைக் குழு இன்னும் அமைக்கப்படவில்லை.

எங்கள் மிளகுத் தோட்டங்களுக்குப் பின்னால் வெள்ளை மணலும் சேறுமாக ஒரு காடு கிடக்கிறது. அங்கே நெல் விதைத்தால் முளைக்காது. முளைப்பதெல்லாம் குரங்குப் பானைச் செடிதான். இலை நுனியில் குடுவை தொங்கும். குடுவையின் விளிம்பு வழுக்கும். உள்ளே விழுந்த எறும்பு வெளியே வராது. அந்தக் குடுவையைப் பறித்துக் கழுவி, பசையரிசி போட்டு, தேங்காய்ப் பால் ஊற்றி, ஆவியில் வேகவைத்து, அறுவடைத் திருநாளுக்குத் தின்பது எங்கள் பிடாயூ மக்களின் வழக்கம். எறும்பைத் தின்பதை நாங்கள் தின்றோம். இதில் எறும்பு உட்பட யாருக்கும் ஆட்சேபம் இருந்ததாகத் தகவல் இல்லை.

இப்படி இருளில் கிடந்த எங்களைத் தேடி ஒரு நாள் வெளிச்சம் வந்தது. நான்கு சக்கர வண்டியில் வந்தது. வண்டியிலிருந்து இறங்கியவர் திரு. ரெமிகியுஸ். மாவட்ட வியப்புப் பயண மேம்பாட்டு அலுவலகத்தின் உதவி இயக்குநர். சட்டைப் பையில் நான்கு பேனா. நான்கும் எழுதும் என்று பின்னால் தெரிந்தபோது என் மரியாதை இன்னும் கூடியது.

ஊர்க்கூடத்தில் கூட்டம் கூடியது.

"வெளிநாட்டிலேருந்து ஒரு நிபுணர் வர்றாரு. ஊன் உண்ணும் செடியத் தேடி உலகம் பூரா சுத்துறவரு. அவருக்கு நம்ம செடியக் காட்டணும்," என்றார் ரெமிகியுஸ்.

"எந்தச் செடிங்க?" என்று கேட்டார் ஊர்த்தலைவர் பதாவ்.

"ஊன் உண்ணும் செடி."

"நம்ம ஊர்ல அப்படி ஒண்ணும் கிடையாதுங்களே. இங்க எல்லாம் நல்ல செடிங்க."

"குரங்குப் பானையச் சொல்றாருங்க, தலைவரே," என்று நான் காதருகே போய்ச் சொன்னேன்.

"ஓ, அதுவா! அதப் பாக்கவா பிளேன் ஏறி வர்றான் மனுசன்? ஏன், அவங்க ஊர்ல சோறாக்கப் பானை கிடைக்காதா?"

ரெமிகியுஸ் இதைக் கேளாதவர்போல் இருந்தார். பெரிய அதிகாரிகளுக்கு இந்தத் திறமை பிறவியிலேயே வாய்த்துவிடுகிறது.

"அது ஆளைத் தின்னுமான்னு பத்திரிகைக்காரங்க கேட்டா என்னங்க சொல்றது?" என்று கேட்டேன்.

"தின்னாதுன்னு மட்டும் சொல்லிடாத. 'இதுவரைக்கும் புகார் வரல'ன்னு சொல்லு."

அன்று எடுத்த முடிவுகள் சரித்திரப் புகழ் வாய்ந்தவை. ஊர் முகப்பில் ஒரு வரவேற்பு வளைவு. வளைவுக்குப் பக்கத்தில், 'எச்சரிக்கை! ஊன் உண்ணும் பகுதி! கை கால்களை வண்டிக்குள் வைத்துக்கொள்ளவும்' என்று ஒரு பலகை. விருந்தாளிகள் கால் நனையாமல் செடிகளைக் கண்டு களிக்கச் சேற்றில் சரளைக்கல் கொட்டி, அதன்மேல் சிமெண்டு போட்டு, கைப்பிடி வைத்த ஒரு 'காட்சி மேடை'.

அப்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். பெர்னடெட் அக்கா. அறுநூறு மிளகுக் கொடிக்குச் சொந்தக்காரர். ஊரில் எந்த விருந்து என்றாலும் அடுப்பு அவர் கையில்தான்.

"அய்யா, நீங்க மேடை கட்டப் போற எடத்துலதான் செடியே இருக்கு."

"அதனாலதானேம்மா அங்க கட்டுறோம்."

"கட்டினா செடி மேடைக்கு அடியில போயிடுமே."

"மேல நின்னு பாத்தா தெரியும்ல?"

"என்ன தெரியும்?"

"காட்சி."

பெர்னடெட் அக்கா என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். 'காட்சி மேடை குறித்து ஊர்ப் பெண்கள் ஆர்வத்துடன் விளக்கம் கேட்டுத் தெளிவு பெற்றனர்' என்று எழுதினேன். நான் எழுதிய வாக்கியங்களிலேயே நல்ல வாக்கியம் இதுதான் என்று ரெமிகியுஸ் என் தோளைத் தட்டினார்.

மூன்றே வாரத்தில் மேடை எழுந்தது. அதன்மேல் ஏறி நின்றால் வரவேற்பு வளைவு முழுதாகத் தெரியும். வளைவின் கீழ் நின்றால் மேடை முழுதாகத் தெரியும். இதைவிட ஒரு காட்சி மேடையிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

அதற்குப் பத்து மாதம் கழித்து நிபுணர் வந்தார். டாக்டர் ஓல்ட்ரிக். செக் நாட்டுக்காரர். செடி வைத்தியர் என்று நினைத்திருந்தோம். பல் வைத்தியராம். கூடவே அவர் மனைவி ஸ்டெங்கா. திருமணம் ஆகி இருபத்தாறு வருடம். இருபத்தாறு திருமண நாளையும் ஏதாவது ஒரு நாட்டின் சதுப்பு நிலத்தில் கொண்டாடியவர். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

டாக்டர் எங்கள் பேச்சைப் பழைய புத்தகம் ஒன்றிலிருந்து கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

"வந்தனம். அடியேன் மாமிசம் புசிக்கும் தாவரத்தை நாடி வந்துள்ளேன். தங்கள் எருமைகள் சுகமா?" என்றார்.

எங்கள் ஊரில் எருமை கிடையாது. இருந்தாலும், "சுகம்தாங்க" என்றேன். விருந்தோம்பல் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

பெட்டியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். நூற்றுப் பத்து வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் எங்கள் ஆற்றோரத்தில் பறித்து, காயவைத்து, காகிதத்தில் ஒட்டி அனுப்பிய குடுவை. அதன் வாயின் மேல்புறத்திலிருந்து பாம்புப் பல்லைப்போல் முட்கள் கீழே நீட்டிக்கொண்டிருந்தன.

"இரு பல் உடையதை அடியேன் பலமுறை கண்டுள்ளேன். இதற்கோ மூன்று பற்கள். இதன்பின் இதை எவரும் கண்டிலர். காகிதத்தில் ஒட்டியவன் செய்த மோசடி என்று எங்கள் தாவரச் சங்கத்தில் நகைக்கிறார்கள். இந்த மூன்றாம் பல்லே அடியேனின் வாழ்க்கை," என்றார்.

"மூணு என்ன டாக்டர், நாலு பல்லே இருக்கு நம்மகிட்ட," என்று ரெமிகியுஸ் உறுதி அளித்தார்.

தேடல் மூன்று நாள் நடந்தது. அலுவலகம் அங்கீகரித்த பாதையில்தான் போனோம். அங்கீகரித்த பாதை என்பது வண்டி போகும் பாதை. செடி, வண்டி போகாத இடத்தில் வளரும் பழக்கம் உடையது. இந்த ஒத்துழையாமையை ரெமிகியுஸ் வன்மையாகக் கண்டித்தார். அட்டைகள் மட்டும் முழு ஒத்துழைப்பு நல்கின. டாக்டரின் இரண்டு காலுறையிலும் இடம் போதாமல் என் காலுறைக்கும் வந்தன.

டாக்டர் சளைக்கவில்லை. பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கையிலெடுத்து, வழியில் கண்ட ஒவ்வொரு குடுவையின் வாயிலும் விட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில், "வாயை மூடலாம்" என்றும் சொன்னார். மூன்று நாளில் எங்கள் காட்டில் நானூற்றுப் பதினொரு செடிகள் பல் பரிசோதனை செய்துகொண்டன. எங்கள் ஊர் மனிதர்களில் அந்தப் பாக்கியம் பெற்றவர்கள் இதுவரை ஆறு பேர்.

தரையில் கொத்துக் கொத்தாகக் கிடந்த ஒரு வகைக் குடுவையைக் காட்டி ரெமிகியுஸ், "இது ரொம்பப் பொல்லாதது, டாக்டர். ஜாக்கிரதை" என்றார்.

"இல்லை. இது பெரும்பாலும் உதிர்ந்த இலைகளையே புசிக்கும். சாது," என்றார் டாக்டர்.

ரெமிகியுஸ் என்னைத் தனியே அழைத்துப்போனார். "சைவச் செடின்னு எங்கயும் எழுதித் தொலைச்சிடாத. பலகை வேற வெச்சிருக்கோம்."

ஸ்டெங்கா முதல் நாளே காட்டிலிருந்து திரும்பிவிட்டார். நேரே பெர்னடெட் அக்காவின் சமையலறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். இருவருக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை. அதனாலோ என்னவோ, மூன்று நாளும் பேச்சு ஓயவே இல்லை.

நான்காம் நாள் நண்பகலில் வழியனுப்பு விருந்து. மூங்கிலில் வெந்த கோழி, புளித்த அரிசிக் கள், நடுவில் மலைபோல் குடுவைச் சோறு. ரெமிகியுஸ் பேசினார். தேடிய பொருள் கிடைக்காவிட்டாலும் தேடிய அனுபவம் கிடைத்தது என்றும், அனுபவத்தை விமானத்தில் எடுத்துச் செல்லத் தடை இல்லை என்றும் சொன்னார். கைதட்டினோம்.

டாக்டர் கைதட்டவில்லை. குடுவையை உரிப்பதும் சோற்றை வாயில் போடுவதுமாக இருந்தார். துக்கம் வந்தால் அவருக்குப் பசிக்குமாம்.

"மூன்றாம் பல் என்பது இல்லை. அவர்கள் நகைத்தது சரியே," என்று உரித்தார். "அடியேன் இனிப் பல்லை மட்டும் பார்ப்பேன்," என்று தின்றார். உரித்த தோலையெல்லாம் கோழிகள் கொத்திக்கொண்டு போயின.

பக்கத்தில் ஸ்டெங்கா தம் தட்டில் இருந்த கடைசிக் குடுவையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விரலால் தொட்டுத் தம் மொழியில் எதையோ எண்ணினார். மூன்று சொல். மறுபடி எண்ணினார். அதே மூன்று சொல்.

"ஓல்ட்ரிக்," என்றார்.

டாக்டர் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். அவர் முகம் தேங்காய்ப் பால் நிறத்துக்கு வந்ததை நாங்கள் எல்லோரும் கண்டோம்.

"அம்மணி… இது… இவை அனைத்தும்…?"

பெர்னடெட் அக்கா கரண்டியோடு வந்து நின்றார். "நல்லா இருக்குங்களா டாக்டர்? இதோட ஆறு ஆச்சு உங்களுக்கு. இன்னும் ரெண்டு வெக்கட்டுமா?"

"மூன்று பல்! மூன்று பல்!"

"ஆமாங்க. அந்த மூணாவது பல்லு இருக்கு பாருங்க, அதுல எலைய மடிச்சுக் குத்தி விட்டா வேகும்போது வாய் தெறக்காது. பால் வெளிய வழியாது. பெரிய மனுசங்க வந்தா மூணு பல்லுலதான் வெப்பேன். ரெண்டு பல்லு நம்ம வீட்டுப் புழக்கத்துக்கு."

டாக்டர் ஓல்ட்ரிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடியேன் என் வாழ்க்கையைப் புசித்துவிட்டேன்!" என்று அலறினார். கண்ணீர் தாரையாக ஓடியது. வாயில் மிச்சம் இருந்ததை விழுங்குவதா, துப்புவதா என்று தெரியாமல் ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டார். ஸ்டெங்காவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்தே சரிந்துவிட்டார். அந்த அம்மாள் சிரித்து நாங்கள் பார்த்தது அப்போதுதான்.

"எங்க பறிச்ச? சொல்லு, எங்க பறிச்ச?" என்று ரெமிகியுஸ் பாய்ந்தார்.

"உங்க மேடைக்கு அடியிலதாங்க நெறையக் கெடந்துச்சு. கல்லு கொட்டறதுக்கு முன்னால ஒரு கொடியப் பிடுங்கிட்டு வந்து என் தோட்டத்து ஓரமா ஊனி வெச்சேன். நல்லாப் பிடிச்சு, படர்ந்து காய்ச்சிருக்கு. வந்து பாருங்களேன்."

போனோம். மிளகுக் கொடிகளுக்குப் பின்னால், சேற்று ஓரமாக ஒரே ஒரு கொடி. சோற்றுக்குப் பறித்தது போக நான்கு குடுவை பாக்கி. டாக்டர் அதன்முன் மண்டியிட்டார். தொடவில்லை. அட்டை ஒன்று அவர் காது வழியாக ஏறிக்கொண்டிருந்ததை நான் சொல்லவில்லை. சில நேரங்களில் மனிதனைத் தொந்தரவு செய்யக் கூடாது.

ரெமிகியுஸ் அவருக்கும் செடிக்கும் நடுவில் போய் நின்று, என்னைப் படம் எடுக்கச் சொன்னார். இவ்வாறாக அன்று மாலை மூன்றரை மணிக்கு அந்தச் செடி 'கண்டுபிடிக்கப்பட்டது'. 'அதிகாரியின் அயராத தேடலுக்குப் பலன்' என்று கூச்சிங் பத்திரிகை எழுதியது.

ஓல்ட்ரிக் நல்ல மனிதர். ஊருக்குத் திரும்பியதும் தம் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரையில் உண்மையை மறைக்காமல், 'இச்செடியின் நாற்பது குடுவைகளைத் தம் கையால் பறித்துச் சமைத்து அளித்த திருமதி பெர்னடெட் அவர்களுக்கு எம் நன்றி' என்று எழுதினார். இதழின் ஒரு படி அலுவலகத்துக்கும் வந்தது. நன்றியாக எழுதப்பட்ட ஒரு வரி ஒப்புதல் வாக்குமூலமாகப் பதவி உயர்வு பெற்றதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

முதலில் வேலி வந்தது. செடிக்கு வேலி போடும்போது கொஞ்சம் தாராளமாகப் போட வேண்டும் என்று விதி. தாராளத்தில் பெர்னடெட் அக்காவின் நூற்று இருபது மிளகுக் கொடிகளும் உள்ளே போயின. கதவுக்குப் பூட்டு. சாவி என்னிடம். பிறகு ஊர்க்கூடத்தில் விசாரணை. தலைமை ரெமிகியுஸ். பதிவு நான்.

"பாதுகாக்கப்பட்ட செடியப் பறிச்சீங்களா, இல்லையா?"

"நான் பறிக்கிறப்ப யாருங்க பாதுகாத்தது? நான்தான பாத்துக்கிட்டு இருந்தேன்."

"கேட்டதுக்கு மட்டும் பதில். எத்தனை குடுவை பறிச்சீங்க?"

"நாப்பது."

"யாருக்காக?"

"வெள்ளக்காரருக்கு ஆறு. அவர் வீட்டம்மாவுக்கும் மத்தவங்களுக்கும் பன்னெண்டு. தலைவருக்கு அஞ்சு. சிமூவுக்கு ஏழு. உங்களுக்குப் பத்து."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. ரெமிகியுஸ் என் பக்கம் குனிந்தார்.

"சிமூ, அந்த வரிய எழுதாத."

"எழுதிட்டேங்க."

"அடி."

அடித்தேன்.

"நல்லா அடி. பத்துன்னு தெரியுது."

நல்லா அடித்தேன். ஏழையும் சேர்த்து அடித்தேன்.

"எனக்கு ஒண்ணுகூட மிஞ்சல. அதையும் எழுதிட்டு அடிச்சிடு சிமூ," என்றார் பெர்னடெட் அக்கா.

எழுதவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பது வேறு விஷயம். அது பதிவுக்குரியதல்ல. தீர்ப்பு மிகவும் கருணையானது: கடும் எச்சரிக்கை. மறு உத்தரவு வரும்வரை வேலிக்குள் அவர் கால் வைக்கக் கூடாது.

செடி எங்கள் பாதுகாப்பில் நான்கு மாதம் உயிரோடு இருந்தது. மேடைக்குக் கொட்டிய கல் தண்ணீர் வரும் வழியை அடைத்திருந்ததால் சேறு காய்ந்தது. முன்பெல்லாம் பெர்னடெட் அக்கா காய்ச்சலில் கிடந்தாலும் வாய்க்காலிலிருந்து வாளியில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றுவாராம். மேலே கவியும் புதர்களை வெட்டி வெளிச்சம் விடுவாராம். இப்போது அவர் வேலிக்கு வெளியே நின்று, அது வாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிமூ, ஒரு வாளித் தண்ணி. நான் உள்ள வரல. நீயே ஊத்து."

தண்ணீர் ஊற்ற அனுமதி கேட்டு நானும் எழுதினேன். 'பாதுகாக்கப்பட்ட உயிரினத்தின் இயற்கைச் சூழலில் தலையிட வேண்டாம்' என்று பதில் வந்தது. பதில் வந்த அன்று அங்கே இயற்கைச் சூழல் மட்டும்தான் இருந்தது.

'பாரம்பரிய உணவுப் பழக்கமே அழிவுக்குக் காரணம்' என்று அறிக்கை முடிந்தது. அதை எழுதியவன் நான்தான். அறிக்கையின் பயனாக அலுவலகத்துக்கு ஒரு மாடி கூடியது. ரெமிகியுஸ் இயக்குநர் ஆனார். அரிய செடிகளைக் காப்பது எப்படி என்று விளக்க வெளிநாடு போய்வந்தார்.

செடிதான் இல்லையே, வேலியை எடுக்கலாமா என்று எழுதிக் கேட்டேன். மறு உத்தரவு வரவில்லை. மிளகு சிவக்க ஆரம்பித்தது. கொடியிலேயே விட்டால் உதிர்ந்துவிடும்.

விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். செயலாளர் வாரம் ஒருமுறை வேலிக்குள் ஆய்வு செய்ய வேண்டும் என்று இருந்தது. ஆய்வு எவ்வளவு நேரம் என்று இல்லை. ஆய்வுக்கு உதவியாளர்களை அமர்த்திக்கொள்ளலாம் என்று இருந்தது. அவர்கள் கையில் கூடை இருக்கக் கூடாது என்று இல்லை. ஆகவே பெர்னடெட் அக்காவையும், அவர் கணவரையும், நாத்தனார்கள் நால்வரையும் உதவியாளர்களாக நியமித்து, காலையிலிருந்து மதியம்வரை தீவிரமாக ஆய்வு செய்தோம். ஆய்வு முடிந்தபோது நூற்று இருபது கொடியிலும் ஆய்வதற்கு ஒரு மணிகூட மிச்சமில்லை. அக்கா என்னோடு பேசவில்லை. ஆனால் போகும்போது, "நாளைக்கு வீட்டுப் பக்கம் வா," என்றார்.

மறுநாள் போகும் வழியில்தான் அந்தக் கடிதம் கைக்கு வந்தது. இயக்குநர் ரெமிகியுஸ் கையெழுத்து. தெபுரா வட்டாரத்தில் மூன்று பல் குடுவை வேறெங்கேனும் இருக்கிறதா? இருந்தால் உடனே வரைபடம் அனுப்பவும். மேடை, வளைவு, வேலி மூன்றுக்கும் ஏற்பாடு தயார்.

பெர்னடெட் அக்கா அடுப்படியில் இருந்தார். ஆவி மணத்தது.

"அக்கா, கடுதாசி வந்திருக்கு. மூணு பல்லு வேற எங்கயாச்சும் இருக்கான்னு கேக்குறாங்க."

"இருந்தா என்ன பண்ணுவாங்க?"

"பாதுகாப்பாங்க."

"அய்யோ பாவம்," என்றார்.

பானையிலிருந்து சுடச்சுட ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். இலை மூடி கச்சிதமாக நின்றது. ஒரு சொட்டுப் பால்கூட வெளியே வழியவில்லை. எதில் குத்தியிருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. பல்லை எண்ணவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உரித்தேன், தின்றேன், தோலைக் கோழிக்குப் போட்டேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து, 'இல்லை' என்று ஒரே சொல்லில் பதில் எழுதினேன்.

எங்கள் துணைக்குழு அந்தச் செடிக்காகச் செய்தது எத்தனையோ. வளைவு கட்டினோம், மேடை கட்டினோம், வேலி கட்டினோம், விசாரித்தோம், அறிக்கை எழுதினோம். ஆனால் அந்த இனத்தின் உயிரைக் காப்பாற்றிய நடவடிக்கை என்று பார்த்தால் இது ஒன்றுதான்: அது இருக்கும் இடம் எங்கள் அலுவலகத்துக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம்.